குழு அறையில் நடப்பதை நாம் ஏன் கவனிக்க வேண்டும்

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் என்றவுடன் டர்பனில் உள்ள நம்மவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது, ஆண்டின் தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் நிகழ்த்தும் உரையும், அப்போது எழும் கூச்சலும், காவலர்கள் உறுப்பினர்களை வெளியே இழுத்துச் செல்லும் தொலைக்காட்சிக் காட்சியும்தான். அதை வைத்தே அங்கே உருப்படியாக எதுவும் நடப்பதில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பள்ளியின் ஆட்சிக் குழுவில் பணியாற்றத் தொடங்கிய பிறகு, பள்ளிச் சட்டம் திருத்தப்படுவதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. அப்படிக் கவனித்ததில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. இந்த நாட்டில் ஒரு சட்டத்தின் உள்ளடக்கம் முடிவாவது பேரவை மண்டபத்தில் வாக்கெடுப்பு நடக்கும் மாலையில் அன்று. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பத்திரிகைக்காரர்கள்கூட அதிகம் எட்டிப்பார்க்காத குழு அறைகளில்தான். அந்த அறைகளின் கதவு நமக்குத் திறந்திருக்கிறது என்பதும், நம் சமூகம் அந்தக் கதவருகே செல்வதே இல்லை என்பதும் என்னைத் தொடர்ந்து உறுத்திவருகின்றன.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 400 உறுப்பினர்கள் கொண்ட தேசியப் பேரவையில் ஏறத்தாழ ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் ஒரு துறைசார் குழு உண்டு. 90 பேர் கொண்ட மாகாணங்களின் தேசிய மன்றத்தில் அதே வேலையைத் தெரிவுக்குழுக்கள் செய்கின்றன. இவை தவிர, நிதி, நிதி ஒதுக்கீடு, பொதுக் கணக்கு ஆகியவற்றுக்கு நிலைக்குழுக்களும், ஒரு குறிப்பிட்ட விவகாரத்துக்காக மட்டும் அமைக்கப்பட்டுப் பணி முடிந்ததும் கலைந்துவிடும் தற்காலிகக் குழுக்களும் இருக்கின்றன. நாடாளுமன்றம் கூடும் வாரங்களில் காலை நேரம் பெரும்பாலும் குழுக்களுக்கும் பிற்பகல் பேரவைக்கும் உரியது. குழுத் தலைவருக்குப் பக்கத்தில் குழுச் செயலாளரும், ஆய்வாளரும், துறை விவரம் அறிந்த ஆலோசகரும் அமர்ந்திருப்பார்கள். மசோதா என்றால் அரசுச் சட்ட ஆலோசகர்களும் நாடாளுமன்றச் சட்ட ஆலோசகர்களும் சேர்ந்துகொள்வார்கள். சிறுபான்மைக் கட்சிகளுக்கும் குழுப் பணியில் இடம் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 57ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஓரிரு இடங்கள் மட்டுமே வென்ற கட்சியின் உறுப்பினர் ஒருவர், நன்றாகப் படித்துவிட்டு வந்தால், ஒரு பெரிய துறையின் தலைமை இயக்குநரை அரை மணி நேரம் திணறவைக்க முடியும். அதை நானே பலமுறை யூடியூபில் பார்த்திருக்கிறேன்.

இந்தத் திறந்த கதவு இந்த நாட்டுக்குப் புதியது. 1994க்கு முன் நாடாளுமன்றக் குழுக்கள் பெரும்பாலும் மூடிய கதவுகளுக்குப் பின்னால்தான் கூடின. 1983ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தவருக்கு ஓர் அவை, இந்தியருக்கு 45 இடங்கள் கொண்ட ஓர் அவை என்று மூன்றாகப் பிரித்து, நாட்டின் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்களுக்கு இடமே இல்லாத ஒரு நாடாளுமன்றத்தை உருவாக்கியது. 1984இல் அந்த இந்தியர் அவைக்கு நடந்த தேர்தலை நம் மக்களில் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அந்தப் புறக்கணிப்புக் காலத்தில் நமக்குள் வளர்ந்த விலகல், எல்லோருக்கும் பொதுவான நாடாளுமன்றம் வந்த பிறகும் நீங்கவில்லை. இன்றைய அரசியலமைப்பின் 59ஆம் பிரிவு, சட்டமியற்றும் பணியில் மக்கள் பங்கேற்க வழி செய்வதைப் பேரவையின் கடமையாக்குகிறது. குழுக் கூட்டங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்றும், நியாயமான காரணம் இல்லாமல் மக்களையோ ஊடகத்தையோ வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. 72ஆம் பிரிவு இதையே மாகாணங்களின் தேசிய மன்றத்துக்கும், 118ஆம் பிரிவு மாகாணச் சட்டமன்றங்களுக்கும் விதிக்கிறது. 1894இல் நடாலில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்தபோது, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அன்று அந்த மனுவைப் படிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இன்று நாம் எழுதும் கருத்துரைக்கு அந்தக் கட்டாயம் இருக்கிறது.

அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்த மசோதாவை எடுத்துக்கொள்கிறேன். பேலா என்று எல்லோரும் அழைத்த அந்த மசோதா 2022 ஜனவரியில் அறிமுகமானது. முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டான கிரேட் ஆர் வகுப்பைக் கட்டாயமாக்குவது, வீட்டிலிருந்தே கல்வி கற்பிப்பதற்கான விதிகள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கான தண்டனை எனப் பல விஷயங்கள் அதில் இருந்தன. மிகப் பெரிய சர்ச்சை 4ஆம், 5ஆம் கூறுகளைச் சுற்றி எழுந்தது. மாணவர் சேர்க்கையிலும் பயிற்றுமொழியிலும் பள்ளி ஆட்சிக் குழு எடுக்கும் முடிவின் மீது மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு இறுதி அதிகாரம் வேண்டுமா என்பதே கேள்வி. பள்ளிகளில் மதுபானம் விற்று நிதி திரட்ட நிபந்தனைகளுடன் அனுமதி அளிக்கும் ஒரு பகுதியும் அதில் இருந்தது. பள்ளி ஆட்சிக் குழுக்கள் பல நெடுங்காலமாக நிதிப் பற்றாக்குறையால் தவிப்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பகுதியைப் படித்தபோது எங்கள் குழுவில் இருந்த ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருமித்து எதிர்த்தார்கள். சாட்ஸ்வொர்த்தில் குடி எத்தனை வீடுகளைக் கெடுத்திருக்கிறது என்பதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

துறைசார் குழு ஒன்பது மாகாணங்களிலும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தியது. நம் மாகாணமான குவாசுலு-நடாலில் நடந்த ஒரு கூட்டத்துக்கு எங்கள் ஆட்சிக் குழுவிலிருந்து சிலர் சென்றிருந்தோம். வாசலில் ஒரு மேசை. பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு பேச விரும்புகிறீர்களா என்று கேட்டு ஒரு எண் கொடுத்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. முன்னால் நீண்ட மேசையில் பெயர்ப்பலகைகளுடன் உறுப்பினர்கள். மசோதாவின் சுருக்கத்தை முதலில் சுலுவிலும் பிறகு ஆங்கிலத்திலும் விளக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் என்றார் தலைவர். கிராமப்புறத்திலிருந்து வந்திருந்த ஒரு முதியவர், கையில் காகிதம் எதுவும் இல்லாமல் எழுந்து நின்று, கிரேட் ஆர் கட்டாயமானால் இப்போது ஊரில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் பிழைப்பு என்னவாகும் என்றும், அவ்வளவு சிறிய பிள்ளை பள்ளிவரை எப்படி நடக்கும் என்றும் சுலுவில் கேட்டார். மேசையில் இருந்த உறுப்பினர்கள் எழுதிக்கொண்டார்கள். அடுத்து வந்த ஒருவர் மசோதாவை விட்டுவிட்டு மின்தடை பற்றிப் பேசத் தொடங்கவே, தலைவர் அவரைக் கோபிக்காமல் விஷயத்துக்குத் திருப்பினார். எங்கள் முறை வந்தபோது, ஆட்சிக் குழுத் தலைவர் மது விற்பனை பற்றியும் மொழி பற்றியும் பேசி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. மீதியை எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். அதைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் அங்கேயே கொடுத்தோம். திரும்பும் வழியில் எங்களுடன் வந்த ஒரு பெரியவர், "தம்பி, இவர்கள் இதைப் படிப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

படித்தார்கள் என்பதற்கு ஆதாரம் அந்த மசோதாவிலேயே இருக்கிறது. பொதுமக்களின் எதிர்ப்பு மலைபோல் குவிந்ததால், மது விற்பனைக்கான பகுதியைத் துறைசார் குழு நீக்கிவிட்டது. பேரவை மண்டபத்தில் யாரும் வீராவேசமாக உரையாற்றி அது போகவில்லை. கூறு கூறாக மசோதாவைப் பரிசீலிக்கும் கட்டத்தில், சட்ட ஆலோசகர் ஒவ்வொரு கூறையும் திரையில் காட்ட, தலைவர் கட்சி வாரியாக நிலைப்பாட்டைக் கேட்க, வேண்டாம் என்று பதிவாகி, அந்த வரிகள் அடிக்கப்பட்டன. அப்படித் திருத்தப்பட்ட மசோதாவுக்கு எண்ணோடு ஓர் எழுத்து கூடும். பி 2 – 2022 என்று அறிமுகமானது பி 2 பி – 2022 ஆக மாறும். ஒரு மசோதாவைப் பற்றிக் கருத்து எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி எழுத்தைத்தான். பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே நீக்கப்பட்ட வரியை எதிர்த்து நான்கு பக்கம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேரவை அந்த மசோதாவை 2023 அக்டோபர் 26 அன்று நிறைவேற்றியது. கல்வி, மாகாணங்களுக்கும் பொதுவான அதிகாரம் என்பதால் 76ஆம் பிரிவின்படி அது மாகாணங்களின் தேசிய மன்றத்துக்குச் சென்றது. அங்கே ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரே வாக்கு. அந்த வாக்கு எப்படிப் போட வேண்டும் என்பதை மாகாணச் சட்டமன்றமே ஆணையாகக் கொடுக்க வேண்டும். ஆகவே மாகாணச் சட்டமன்றத்தின் கல்விக் குழுவும் தனியாகக் கருத்துக் கேட்கும். நம் கருத்தைச் சொல்ல இரண்டாவது வாய்ப்பு இது. தொலைவில் உள்ள கேப் டவுனுக்குப் பதிலாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள சட்டமன்றத்தின் வழியாகவே சொல்லலாம். தேசிய மன்றம் சில திருத்தங்களுடன் 2024 மே 2 அன்று நிறைவேற்ற, பேரவை மே 16 அன்று அவற்றை ஏற்றது. செப்டம்பர் 13 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டபோதுகூட, 4, 5ஆம் கூறுகள் பற்றிப் பேச மூன்று மாத அவகாசம் கொடுத்தார். பிறகு டிசம்பரில் முழுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. மொழி பற்றிய எங்கள் கருத்து ஏற்கப்படவில்லை. அதற்காக வருந்துகிறேன், ஆனாலும் அறிக்கையில் எதிர்த்தரப்பு வாதமும் அதற்கான காரணமும் பதிவாகியிருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாளை ஒரு பள்ளி நீதிமன்றம் சென்றால் அந்தப் பதிவு பயன்படும்.

நீதிமன்றத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மக்கள் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு என்று நினைத்த குழுக்களுக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் பாடம் புகட்டியிருக்கிறது. 2006 ஆகஸ்டில், டாக்டர்ஸ் ஃபார் லைஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், நீதிபதி சாண்டிலே என்கோபோ எழுதிய தீர்ப்பு, பாரம்பரிய மருத்துவர்கள் தொடர்பான சட்டத்தையும் கருக்கலைப்புத் திருத்தச் சட்டத்தையும் செல்லாது என்று அறிவித்தது. சட்டங்களின் உள்ளடக்கத்தில் நீதிமன்றம் குறை காணவில்லை. மாகாணங்களின் தேசிய மன்றம் மக்கள் கருத்தைக் கேட்காமல் நிறைவேற்றியதே குறை. 2023 மே மாதத்தில், பாரம்பரியத் தலைவர்கள் மற்றும் கோய்-சான் தலைவர்கள் சட்டத்துக்கும் அதே கதி ஏற்பட்டது. கூட்டங்களுக்கான அறிவிப்பு போதிய காலத்துக்கு முன் தரப்படவில்லை, மசோதா மக்கள் படிக்கும் மொழியில் அவர்கள் கைக்குச் சேரவில்லை என்பவை தீர்ப்பில் பேசப்பட்ட குறைகளில் அடங்கும்.

நம்மை நேரடியாகப் பாதித்த தீர்ப்பு 2016 ஜூலை 28 அன்று வந்தது. 1913 ஜூன் 19க்குப் பிறகு இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் நிலத்தை இழந்தவர்கள் அதைத் திரும்பக் கோரலாம் என்ற உரிமை, 1998 டிசம்பர் 31 என்ற கடைசித் தேதியோடு முடிந்துவிட்டிருந்தது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி பயிரிட்டுச் சொந்த வீடு கட்டி வாழ்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் வெளியேற்றப்பட்டு, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் பலர் 1998க்குள் விண்ணப்பிக்கவில்லை. காகிதம் கிடைக்கவில்லை, செய்தி எட்டவில்லை, சிலருக்கு நம்பிக்கையே வரவில்லை. 2014இல் வந்த திருத்தச் சட்டம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு வாசலைத் திறந்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஆயா ஒருவர், தன் தகப்பனார் பெயரில் இருந்த பழைய நிலப் பத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பேரனுடன் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய கோரிக்கைகள் குவிந்தன.

அந்தச் சட்டம் தேசியப் பேரவையைத் தாண்டிய பிறகு, 2014 மே மாதத் தேர்தலுக்கு முன் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், மாகாணங்களின் தேசிய மன்றத்திலும் ஒன்பது மாகாணச் சட்டமன்றங்களிலும் ஒரு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் தள்ளிவிடப்பட்டது. 1998க்கு முன்பே விண்ணப்பித்து இன்னும் தீர்வு காணாமல் காத்திருந்தவர்கள், புதிய கோரிக்கைகள் தங்கள் வழக்குகளைப் பின்னுக்குத் தள்ளும் என்று அஞ்சி நீதிமன்றம் சென்றார்கள். நீதிபதி மட்லங்கா எழுதிய தீர்ப்பு, அந்தக் கால அட்டவணையே நியாயமற்றது என்று சொல்லிச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதுவரை கொடுக்கப்பட்ட புதிய கோரிக்கைகள் அழிக்கப்படவில்லை. ஆனால் பழைய கோரிக்கைகள் முடியும்வரை அவற்றை எடுக்கக் கூடாது என்று உத்தரவானது. முறைப்படி புதிய சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு 24 மாதங்கள் கொடுக்கப்பட்டன; அதற்குள் அது நடக்கவில்லை. "நல்ல சட்டம்தானே, ஏன் ஐயா தூக்கினார்கள்?" என்று அந்த ஆயா என்னிடம் கேட்டார். முன்பே காத்திருந்தவர்களின் பேச்சைக் கேட்காமல் செய்தார்கள், அதனால் தூக்கினார்கள் என்று சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது" என்றார். நான்கு வாரங்களை மிச்சப்படுத்தப் போய், இருதரப்பு ஏழைகளுக்கும் பல ஆண்டுகள் வீணாயின. குழுக் கட்டத்தில் காட்டும் அவசரத்தின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு நிகழ்வு எனக்குத் தெரியாது.

சட்டமியற்றுவது குழுப் பணியின் ஒரு பாதி. அரசைக் கண்காணிப்பது மறு பாதி. 55ஆம் பிரிவு அதைக் கடமையாக்க, 56ஆம் பிரிவு எவரையும் அழைத்து விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும், டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, நம் மக்கள் ஏராளமாக வாழும் அந்த ஊர் பல மாதங்கள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்ததையும் இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது இரு அவைகளும் சேர்ந்து வெள்ள நிவாரணத்துக்கெனத் தற்காலிகக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. பணம் செலவாகி முடிந்த பிறகு கணக்குப் பார்க்கும் வழக்கத்தை மாற்றி, தலைமைத் தணிக்கையாளர் சகானி மலுலேகேயின் அலுவலகம் நிவாரணப் பணி நடக்கும்போதே தணிக்கை செய்து அறிக்கை கொடுத்தது. தற்காலிகத் தங்குமிடங்கள் ஏன் தாமதமாகின்றன, தண்ணீர் லாரிகள் எங்கே செல்கின்றன என்ற கேள்விகளுக்கு அதிகாரிகள் முகத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாப் பதிலும் திருப்தியானவை என்று சொல்ல மாட்டேன். பதில் சொல்லும் இடம் ஒன்று இருந்தது; அது பதிவாகியது.

பொதுக் கணக்கு நிலைக்குழுவின் தலைமை ஆளுங்கட்சிக்குப் போவதில்லை என்பது 1994க்குப் பிந்தைய நல்ல மரபுகளில் ஒன்று. ஸ்கோப்பா என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் குழுவுக்கு 2024 தேர்தலுக்குப் பிறகு தலைவரானவர், பேரவையில் இரண்டே இடங்கள் கொண்ட ரைஸ் ம்சான்சி கட்சியின் சொங்கெஸோ ஸிபி. அந்தத் தேர்தலில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் 159 இடங்களுக்கு இறங்கியதால், எந்தக் குழுவிலும் எந்தக் கட்சியும் தனியாக முடிவைத் திணிக்க முடியாத நிலை வந்திருக்கிறது. 2025இல் மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 15.5 விழுக்காடாக உயர்த்தும் திட்டம், நிதிக் குழுக்களின் அறிக்கை வழியாகவே பேரவையில் 194க்கு 182 என்ற குறுகிய வித்தியாசத்தில் தப்பி, பிறகு மே 1 அன்று நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஏப்ரலில் கைவிடப்பட்டது. வரவு செலவுத் திட்டம் தாக்கலான 16 நாட்களுக்குள் நிதிக் கட்டமைப்பு பற்றிய அறிக்கையைக் குழு கொடுத்தாக வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் சட்டம். அந்த 16 நாட்களுக்குள் கடைக்காரர் சங்கமோ கோவில் சங்கமோ ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கலாம். நம் ஊரிலிருந்து அப்படி யாரும் அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

குழுக்கள் தங்கள் கடமையில் தவறிய காலமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த அமைப்பைப் புகழ்வது நேர்மையாகாது. அரசு நிறுவனங்கள் சூறையாடப்பட்ட ஆண்டுகளில், செய்தித்தாள்களில் எல்லாம் வெளிவந்துகொண்டிருந்தபோதும், ஆளுங்கட்சிப் பெரும்பான்மை கொண்ட குழுக்கள் நீண்ட காலம் வாய்மூடி இருந்தன. 2017இல்தான் பொதுத்துறை நிறுவனங்களுக்கான துறைசார் குழு, சுகிஸ்வா ரந்தோவின் தலைமையில் எஸ்காம் மின் நிறுவனத்தைப் பற்றிய விசாரணையைத் தொடங்கியது. அவரும் ஆளுங்கட்சி உறுப்பினர்தான். அந்த விசாரணை நேரலையில் ஓடியபோது, அதிகாரிகள் தடுமாறியதை நாடே பார்த்தது. அந்தச் சூறையாடலை விசாரித்த ஸோண்டோ ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, நாடாளுமன்றம் தன் கண்காணிப்புக் கடமையை உரிய காலத்தில் செய்திருந்தால் சேதம் குறைந்திருக்கும் என்ற கருத்தை வலுவாக முன்வைத்தது. மின்தடையால் நாம் இருட்டில் உட்கார்ந்து சமைத்த அத்தனை மாலை நேரங்களுக்கும் ஒரு பங்குப் பொறுப்பு, கேள்வி கேட்காமல் கையெழுத்திட்ட அந்தக் குழு அறைகளுக்கு உண்டு.

கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சாமல் குழுவை நடத்த முடியும் என்பதைக் காட்டியவர் நம் டர்பனைச் சேர்ந்த பிரெக்ஸ் கோவெந்தர். பெண்களின் வாழ்நிலையைக் கண்காணிக்கும் கூட்டுக் குழுவின் தலைவராக இருந்த அவர், எய்ட்ஸ் பற்றிய பேச்சை அரசே தவிர்த்துவந்த 2001ஆம் ஆண்டில், தன் குழுவில் அதைப் பற்றிய விசாரணைகளை நடத்தினார். அதே ஆண்டு பாதுகாப்புத் துறை நிதி ஒதுக்கீட்டின்போது ஆயுதக் கொள்முதலுக்கு எதிர்ப்பைப் பதிவு செய்த ஒரே ஆளுங்கட்சி உறுப்பினரும் அவரே. 2002இல் பதவி விலகினார். நம் பிள்ளைகளின் பள்ளி விழாக்களில் கிரிக்கெட் வீரர்களையும் நடிகர்களையும் பற்றிப் பேசுகிறோம். கோவெந்தரைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

நம் மொழிக்கும் இந்தக் குழுக்களுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, பான்சால்பி எனப்படும் தென்னாப்பிரிக்க மொழிகள் வாரியம் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம், தெலுங்கு, உருது ஆகியவற்றுடன் நம் மொழியும் அங்கே நிற்கிறது. அந்த வாரியம் ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறைக்கான குழுவின் முன் வந்து, என்ன செய்தோம், எவ்வளவு செலவழித்தோம் என்று கணக்குக் கொடுக்கிறது. தமிழுக்காக எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு, எந்த நூலுக்கு என்று அந்த மேசையில் ஓர் உறுப்பினர் கேட்டால் வாரியம் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்கும்படி அந்த உறுப்பினருக்கு எழுத வேண்டியவர்கள் நாம்தான். நம் சங்கங்கள் அமைச்சருக்கு மாலை அணிவித்துப் படம் எடுப்பதில் காட்டும் அக்கறையில் கால் பங்கை இதில் காட்டினாலும் போதும்.

எழுதுவது கடினமான காரியம் இல்லை. மசோதா என்றால் அதன் எண், கடைசி எழுத்து, எந்தக் கூறு என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். அந்தக் கூறு நம் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதை நமக்குத் தெரிந்த ஒரு நிகழ்வோடு சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு நிறுத்தாமல், அதற்குப் பதிலாக எந்த வாசகம் வரலாம் என்று எழுதித் தர வேண்டும். குழுவின் சட்ட ஆலோசகர்கள் அத்தகைய கருத்துரைகளைத்தான் அட்டவணையில் தனியாக எடுத்து வைப்பார்கள். நேரில் பேச விரும்புகிறோம் என்று கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். குழுச் செயலாளரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதாக வரும் பதிலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, பத்துப் பேர் தத்தம் அனுபவத்தை எழுதுவது குழு அறிக்கையில் அதிக இடம் பிடிக்கிறது என்பது நான் படித்த அறிக்கைகளிலிருந்து எனக்குத் தோன்றுவது.

துறைகளின் ஆண்டறிக்கைகள் செப்டம்பர் இறுதிக்குள் நாடாளுமன்றத்துக்கு வந்துவிடும்; அக்டோபரில் ஒவ்வொரு குழுவும் தன் துறையின் செலவை ஆராய்ந்து பரிந்துரை அறிக்கை எழுதும். ஆகவே மொழிகள் வாரியத்தைப் பற்றிய நம் கேள்விகள் அதற்கு முன்பே உறுப்பினர்களின் கையில் இருக்க வேண்டும். வார இறுதியில் கோவிலில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலரும் நானும் சேர்ந்து இரண்டு பக்க வரைவு ஒன்றைத் தயாரித்து வருகிறோம். மாணவர் எண்ணிக்கை, பாடநூல் பற்றாக்குறை, ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பீனிக்ஸ், வெருலம், மெரிபேங்க், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் தங்கள் வகுப்பின் விவரத்தைச் சேர்க்க விரும்பினால் கீழே தெரிவிக்கலாம். ஆகஸ்ட் மாத முடிவுக்குள் வந்தால் சேர்த்துவிடுவோம்.